சம்பந்தியின் முதலாம் செத்தவீடு

எனக்கு உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

இறந்தவர்கள் என்றால் பிரச்சினையே இல்லை. பாரிசில் எங்கள் தமிழ்ச் சனம் கூடும் லா ஷப்பலில் யார் வீட்டிலாவது துக்கம் என்றால் முதலில் பாதருக்குப் போன் எடுப்பார்கள், அடுத்தது எனக்கு. (சில வீடுகளில் முதலில் எனக்கு. பாதருக்கு இது தெரியும். அதனால் என்னோடு அவ்வளவாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.) பகலில் லா கூர்னெவ்வில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் மரண அறிவித்தல் எழுதுகிறேன். சம்பளம் இல்லை, புகழ் மட்டும். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கிவிட்டால் என் கை தானாக ஓடும். யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மைத்துனர் என்று ஒரு குடும்பத்தையே நிரையில் நிறுத்திவிடுவேன். ஒரு மைத்துனரின் பெயர் விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்கு முகம் பார்க்காத சனம் எங்கள் சனம். நான் விட்டதில்லை.

ஒருமுறை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரன் அண்ணை, நான் போகேக்கை நீங்கள்தான் எழுதவேணும். அதுமட்டும் செத்துப்போகாமல் இருங்கோ" என்றார். இதற்குமேல் ஓர் எழுத்தாளனுக்கு என்ன பாராட்டு வேண்டும்.

இப்படிப்பட்டவனிடம் போய் ஓர் அமெரிக்க அரசியல்வாதியின் வாழ்க்கையைக் கொடுத்தது யாருடைய பிழை? என் மனைவி றெஜினாவைக் கேட்டால் என்னுடைய பிழை என்பாள். என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்து.

என் மகள் மெலனி, படிக்கப்போன இடத்தில் ஈதன் என்ற அமெரிக்கப் பெடியனைக் கண்டு, இவனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். நல்ல பிள்ளை. ஆறடி உயரம், அரை வார்த்தை பேச்சு. எங்கள் வீட்டு நண்டுக் குழம்பை அழுதுகொண்டே மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டவன். அவனுடைய தகப்பன் றோய் வெண்டர்ஹூக் நடு அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டசபை உறுப்பினர். (எந்த மாநிலம் என்று சொன்னால் அடுத்த தேர்தலில் அவருக்குச் சிக்கல் வரலாம். மக்காச்சோளம் விளையும் என்பதோடு நிறுத்துகிறேன்.)

கலியாணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. ஈதனின் தாய் லின்டா தங்கள் ஊர்த் தேவாலயத்தைப் பேசி வைத்திருந்தார். எங்களுக்கு அங்கே போவது லேசான காரியம் இல்லை. றெஜினாவின் அண்ணன்மார் உட்பட எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இன்னும் அகதிப் பப்பியேயோடு இருப்பவர்கள். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு அமெரிக்க விசா எடுப்பதற்குள் மெலனியின் பிள்ளைக்கே கலியாண வயது வந்துவிடும். அங்கே வைத்தால் பெண் வீட்டுப் பக்கம் நானும் றெஜினாவும் மட்டும் நிற்கவேண்டும்.

றோய் இன்னும் ஒரு பக்கமும் சாயவில்லை. "பாரிசுக்கு வந்து உங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், திங்கட்கிழமை ரோமுக்குப் போகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல்.

மெலனி என்னைக் குசினிக்குள் நிறுத்தி மூன்று கட்டளை போட்டாள். பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும்.

"பா து திஸ்கூர், பப்பா. (பேச்சுக் கிடையாது.) மாலை போடக்கூடாது. பகிடி விடக்கூடாது. அவை வந்து சாப்பிட்டு, எங்கட ஆக்களைப் பார்த்துட்டுப் போகட்டும். விளங்குதோ?"

"ஓம்."

"என்ன விளங்கினது?"

"நான் வாய் திறக்கக்கூடாது."

எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டை அதுதான்.

சம்பந்தி சட்டசபை உறுப்பினர் என்பது லா ஷப்பலுக்குத் தெரியாமல் போவதா? ஈதன் நேர்மையான பிள்ளை. "அது எங்கள் மாநிலத்தில் ஒரு பகுதிநேர வேலை, அங்கிள்" என்று முன்பே சொல்லியிருந்தான். பகுதிநேரம் என்ற சொல்லை நான் அந்த நிமிஷமே மறந்துவிட்டேன். முதல் கடையில் "அமெரிக்க எம்.பி." என்று சொன்னேன். நாலாவது கடைக்குப் போனபோது கடைக்காரரே எனக்குச் சொன்னார், "உங்கட சம்பந்தி வெள்ளை மாளிகையிலையாமே." நான் மறுக்கவில்லை. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஈதனிடம் தகப்பனின் வரலாற்றைக் கேட்டு வாங்கினேன். அவன் அனுப்பியதை வாசிக்க வாசிக்க எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. பன்றிப் பண்ணை ஒன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். உழவு இயந்திரத்துக்கு டயர் விற்கும் கடை வைத்திருக்கிறார், இன்றைக்கும். ஊரில் ஒரு மரப் பாலம் ஆடிக்கொண்டிருந்ததாம். பள்ளிக்கூட பஸ் அதில் ஏறினால் பிள்ளைகள் செபம் சொல்லத் தொடங்குவார்களாம். இவர் ஒரு கூட்டத்தில் எழும்பிக் கத்தியிருக்கிறார். "இவ்வளவு கத்துகிறாய், நீயே தேர்தலில் நில்" என்று யாரோ சொல்ல, நின்றார், தோற்றார். திரும்ப நின்றார், திரும்பத் தோற்றார். மூன்றாம் முறை, எதிரில் நின்றவர் ஓய்வெடுக்க ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டதால் வென்றார். அதற்குப் பிறகு அவரை எதிர்த்து நிற்க ஒருவரும் மெனக்கெடவில்லை.

சட்டசபை கூடுவது குளிர்காலத்தில், வயலில் வேலை இல்லாத மாதங்களில் மட்டும். அதற்குள் அவர் சாதித்தவை: பெருந்தெருவில் மெதுவாகப் போகும் உழவு இயந்திரத்தைப் பார்த்து ஹோர்ன் அடிக்கக்கூடாது என்று ஒரு சட்டம். செர்ரிப் பழப் பணியாரத்தை மாநிலத்தின் அதிகாரபூர்வப் பணியாரமாக்கும் சட்டம். (ஆப்பிள் கட்சியினர் கடுமையாக எதிர்த்தார்களாம். இரண்டு வருஷம் இழுபட்டதாம்.) கடைசியில் ஒரு வரி இருந்தது: "தன் தொகுதியில் நடந்த ஒரு செத்தவீட்டையும் அவர் தவறவிட்டதில்லை."

அந்த வரியில் எனக்குத் தொழில்ரீதியாக ஒரு நெருக்கம் வந்துவிட்டது. அன்றைக்கே களஞ்சியத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரவேற்பு அறிவித்தல் எழுதினேன். எழுத உட்கார்ந்ததுதான் தெரியும். கை ஓடிவிட்டது. அந்த எழுத்து இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்:

"அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, சட்டசபை உறுப்பினர் றோய் வெண்டர்ஹூக் அவர்கள் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை விமானம் மூலம் பாரிஸ் வந்தடைகிறார். அன்னார், காலஞ்சென்ற ஹென்றி, மார்த்தா தம்பதியரின் கனிஷ்ட புத்திரரும், லின்டாவின் அன்புக் கணவரும், ஈதனின் பாசமிகு தந்தையும், பாலம் கண்ட பெருமகனும், பணியாரச் சட்டத்தின் பிதாமகரும், அன்ரன், றெஜினா ஆகியோரின் அன்புச் சம்பந்தியும் ஆவார். அன்னாரை அன்று பிற்பகல் மூன்று மணி முதல் லா ஷப்பல் மண்டபத்தில் பார்வையிட்டு, பொதுமக்கள் மரியாதை செலுத்தலாம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

மரணம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தேவைப்படவில்லை.

எழுத்தையும் ஒரு படத்தையும் கேதீசுக்கு அனுப்பினேன். கேதீஸ் அச்சகம் வைத்திருக்கும் பெடியன். கலியாணக் கார்ட், கடை விளம்பரம் எல்லாம் அடிப்பான் என்று பலகையில் எழுதியிருந்தாலும், அவனுக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிதான். நானும் அவனும் சேர்ந்து எத்தனையோ பேரை அனுப்பிவைத்திருக்கிறோம். கொஞ்ச நேரத்தில் போன் எடுத்தான். நான் களஞ்சியத்தில் நிற்கிறேன், பின்னால் பெட்டி தூக்கும் வண்டி கத்துகிறது.

"அண்ணை, ஆள் வேதமோ சைவமோ?"

"வேதம்தான், கிறிஸ்தவர்."

"படத்திலை பல்லுத் தெரியச் சிரிக்கிறார். பரவாயில்லையோ?"

"அரசியல்வாதியடா. சிரிக்காமல் என்ன செய்வார்?"

"சரி அண்ணை. அப்ப வழமையான மாதிரிச் செய்யிறன்."

"ஓம் ஓம், உனக்குத் தெரிஞ்ச மாதிரி வடிவாய்ச் செய்."

அவனுக்குத் தெரிந்தது ஒரு மாதிரிதான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

சனிக்கிழமை மீன் வாங்கப் போனபோது, எப்போதும் செதிலோடு தூக்கித் தரும் மீன்கடை அக்கா, கேளாமலே வெட்டிச் சுத்தம் பண்ணித் தந்தார். "என்ன செய்யிறது தம்பி. சம்பந்தம் தொடங்க முன்னம் இப்பிடி. தாங்கிக்கொள்ளுங்கோ" என்றார். மகள் வெள்ளைக்காரனைக் கட்டுவதைச் சொல்கிறார் என்று நினைத்து, "எங்களுக்குச் சந்தோசம்தான் அக்கா" என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் மெலனியும் ஈதனும் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து ஹோட்டலில் சம்பந்தியாரைச் சந்தித்தோம். றோய் தொப்பி போட்ட உருண்டையான மனிதர். கை கொடுத்தால் திருப்பித் தர மாட்டார், அரசியல்வாதிகளின் பிடி. லின்டா ஒல்லி, உயரம், தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். எதையும் இரண்டு தரம் பார்க்கும் கண். (றோய் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். அந்த மனிதரைப் பற்றி நான் எழுதுவதில் பிழை வருவது புதிதில்லை.)

றெஜினா முன்கூட்டியே மண்டபத்துக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுக்கடை ஒன்றின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன மண்டபம். ஐந்து பேரும் கதைத்துக்கொண்டு லா ஷப்பல் பக்கம் நடந்தோம். பூட்டியிருந்த ஒரு கடையின் கதவுக்கு முன்னால் றோய் நின்றார்.

"இது நான்தானே?"

அவர்தான். பளபளவென்ற வண்ணத்தில், நீள்வட்டத்துக்குள், பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் சிலுவை. வலப்பக்கம் எரியும் மெழுகுதிரி. சுற்றிவரக் கறுப்புக் கரை. மூலையில் ஒரு வெள்ளைப் புறா, ஆத்துமா போல, மேலே போய்க்கொண்டிருந்தது.

கேதீசின் வழமையான மாதிரிதான்.

மெலனிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் என் ஆயுள் கொஞ்சம் நீண்டது. ஆனால் அவள் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். றோய்க்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சந்தோசம். "என் ஊரில்கூட என் படத்தை இவ்வளவு பெரிதாக ஒட்ட மாட்டார்கள். என்ன எழுதியிருக்கு?"

"நல்வரவு" என்றேன்.

"இவ்வளவு நீளமாகவா?" என்றார் லின்டா.

"தமிழ் நீளமான மொழி."

"மெழுகுதிரி ஏன்?"

"மரியாதை."

லின்டா பக்கத்தில் ஒட்டியிருந்த மற்ற அறிவித்தலைக் காட்டினார். போன கிழமை நான் எழுதியதுதான். அதிலும் அதே சிலுவை, அதே மெழுகுதிரி, அதே புறா. "இந்த வயதானவருக்கும் நல்வரவா?"

"ஓம். அவரும் போய்ச்சேர்ந்தவர்."

றோய் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று பெருவிரலைத் தூக்கிக்காட்ட, ஈதன் படம் எடுத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சாமான் பையோடு வந்தார். அறிவித்தலைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். திரும்ப அறிவித்தலைப் பார்த்தார். பையை விட்டுவிட்டார். முருங்கைக்காய்கள் நடைபாதை முழுக்க உருண்டன. றோய் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார். அவர் இன்னொரு தரம் சிலுவை போட்டுக்கொண்டார். "உங்கள் ஆட்கள் மிகவும் உணர்ச்சிவசப்பட்டவர்கள்" என்றார் றோய், திருப்தியோடு.

போன் அடித்தது. றெஜினா. நான் நாலடி தள்ளிப் போனேன்.

"இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

"வந்துகொண்டிருக்கிறம். ஏன்?"

"இஞ்சை சனம் முட்டி வழியுது."

"நல்லதுதானே."

"எல்லாரும் கறுப்பும் வெள்ளையும். மலர்வளையம் வந்தபடி இருக்கு. வில்லியே லே பெல்லிலை இருந்து பாட்டுக்குழுவைக் கூட்டிக்கொண்டு மரியதாஸ் மாஸ்டர் வந்து நிக்கிறார். செபமாலை தொடங்கட்டோ எண்டு கேக்கிறார். பெட்டி எத்தினை மணிக்கு வருமெண்டும் கேட்டவர்."

"என்ன பெட்டி?"

"அதைத்தான் நானும் உங்களிட்டைக் கேக்கிறன்" என்றாள்.

வைத்துவிட்டுக் கேதீசுக்கு எடுத்தேன். "அண்ணை, ஒரு கடை விடேல்லை" என்றான், நான் கேட்பதற்கு முன்னமே. "இணையத்திலையும் போட்டிட்டன். கனடாவிலை இருந்தெல்லாம் அனுதாபம் வருது. ஒருத்தர் அவரோடை ஒண்டாய்ப் படிச்சவராம்."

"டேய், ஆள் உயிரோடையடா."

"எந்த ஆள்?"

"நான் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நிக்கிற ஆள்."

கேதீஸ் யோசித்தான். "அப்ப ஏன் அண்ணை அன்னார் எண்டு எழுதினனியள்?"

அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை, எங்கள் அறிவித்தல்களில் செத்தவர் மட்டும்தான் அன்னார். அதுதான் கோபம் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் பாதையை மாற்றினேன். "மண்டபத்துக்குப் போகமுதல் முக்கியமான இடம் ஒன்று காட்டவேணும்" என்று சொல்லி ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தேன். அதற்குள் றெஜினா சனத்தைக் கலைத்துவிடுவாள் என்று நம்பிக்கை. (சாப்பாடு இருக்கும் இடத்திலிருந்து எங்கள் சனத்தைக் கலைத்த வரலாறு கிடையாது. பயத்தில் அது ஞாபகம் வரவில்லை.)

தலைக்கு மேலே மெத்ரோ ஓடும் அந்தத் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது? தூண்கள் இருக்கின்றன.

"இது மெத்ரோவின் தூண்" என்றேன்.

றோய் மரியாதையோடு அண்ணாந்து பார்த்தார். பாலம் விஷயத்தில் அனுபவம் உள்ளவர். "அது?"

"அது அதற்கு அடுத்த தூண்."

ஏழெட்டுத் தூண் பார்த்தோம். லின்டாவின் சப்பாத்து காலைக் கடித்தது. மெலனி என் முழங்கையைப் பிடித்து, "பப்பா, என்ன செய்துபோட்டியள்?" என்று காதுக்குள் கேட்டாள். "என்ன செய்யிறியள்" என்று கேட்கவில்லை. என்னை வளர்த்த பிள்ளை அல்லவா.

வேறு வழியில்லாமல் திரும்பினோம். மண்டபத்தை நெருங்கும்போதே பாட்டுக் கேட்டது. பாட்டுக்குழு அடக்கப் பூசைக்குப் பாடும் பாட்டு, இழுத்து, மனம் கரைய. மெலனி எத்தனை செத்தவீட்டுக்கு என்னோடு வந்தவள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, சத்தமே போடாமல் சொன்னாள்:

"பப்பா, து எ மோர்."

(நீங்கள் செத்தீர்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் வெளியான மரண அறிவித்தல்களில் சரியானது அது ஒன்றுதான்.)

உள்ளே, முன்னால் மேசையில் றோயின் பெரிய படம், மாலையோடு. மெலனி மாலை போடக்கூடாது என்றது உயிரோடு இருக்கும் றோய்க்கு. கதிரைகள் இரண்டு பக்கமும் நிரையாக. நடுவில் பெட்டிக்காக விட்டிருந்த வெறும் இடம். அரசியல்வாதிக்கு நடுவில் வெறும் இடம் கண்டால் கால் நிற்காது. றோய் நேராகப் போய் அந்த இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் கை கொடுக்கத் தொடங்கினார்.

பாட்டு நடுவில் அறுந்தது. மரியதாஸ் மாஸ்டரின் கையிலிருந்த செபமாலை நழுவி விழுந்தது. பின்வரிசையில் ஒருவர் கேட்டார், "ஆளுக்கு ஒரு தம்பி இருக்கோ?"

"இருக்கேலாது" என்றார் பக்கத்தில் இருந்தவர். "கனிஷ்ட புத்திரர் எண்டு போட்டுக் கிடக்கு. இவர்தான் கடைசி."

என் எழுத்தை எவ்வளவு கவனமாக வாசிக்கிறார்கள் என்று அந்த நிலையிலும் ஒரு சந்தோஷம் வந்தது. நிற்கவில்லை, போய்விட்டது.

றோய் கை கொடுப்பதை நிறுத்தினார். மலர்வளையங்களைப் பார்த்தார். அவற்றில் சுற்றியிருந்த நாடாவில் ஆங்கிலத்திலும் அவர் பெயர் இருந்தது. மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தார். எத்தனை செத்தவீட்டுக்குப் போனவர். அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. தொப்பியைக் கழற்றினார். பழக்கத்தில்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பேச்சுக் கிடையாது என்ற கட்டளை அத்தோடு போயிற்று. என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே நொண்டும். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயா, நீங்கள் இறந்துவிட்டீர்கள். சின்னப் பிழை. நான்தான் காரணம்." பிறகு தமிழில் சனத்துக்கு, "அன்னார் சுகமாய் இருக்கிறார்" என்றேன். திரும்பவும் அன்னார். மெலனி கண்ணை மூடிக்கொண்டாள். றெஜினா ஒரு மலர்வளையத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

றோய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். தொப்பியை முழங்காலில் வைத்தார். லின்டா அவரைப் பார்த்தார். எனக்கு லின்டாவின் ஊர்த் தேவாலயம் கண்ணுக்குள் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக்காரர். மறுபக்கம் நானும் றெஜினாவும், நடுவில் ஒரு கதிரை இடைவெளி விட்டு, ஏனென்றால் அவள் என்னோடு கதைக்க மாட்டாள்.

"வாசி" என்றார் றோய்.

"என்ன?"

"என்னைப் பற்றி என்ன எழுதினாயோ, அதை வாசி. செத்தவீட்டில் சொல்வது செத்தவனுக்குத்தான் கேட்பதில்லை. எனக்கு இந்த வாய்ப்பு இனிக் கிடைக்காது."

வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். தாய் தகப்பன் பெயர் வந்தபோது தலையாட்டினார். பணியாரச் சட்டத்தின் பிதாமகர் என்றதும் லின்டா, "அந்தப் பணியாரத்துக்காக எங்கள் கலியாண நாளை இரண்டு வருஷம் மறந்தவர்" என்றார். "பாலம் கண்ட பெருமகன்" என்றதும் றோய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது பிழை. பாலத்துக்காக நான் கத்தினேன், அவ்வளவுதான். கட்டுவித்தது எனக்கு முன்னால் இருந்தவர். ஃபுளோரிடாவுக்குப் போனாரே, அவர். நான் பதவிக்கு வந்த நேரம் வேலை முடிந்திருந்தது. நாடாவை வெட்டினேன். படத்தில் நான்தான் நிற்கிறேன். போன வருஷம் அவரை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் பண்ணினார்கள். நானும் போனேன். பேசவும் செய்தேன். பாலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை."

மண்டபத்தில் ஆங்கிலம் விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்குச் சொல்ல, அது பின்வரிசை வரை கிசுகிசுத்துக்கொண்டு போயிற்று. அவர் என்னைப் பார்த்தார். "திருத்தி எழுதுவாயா?"

"நாடா வெட்டிய பெருமகன் எண்டு போடட்டோ?"

இவ்வளவுக்குப் பிறகும் என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியாது. மூன்றாவது கட்டளையும் போயிற்று. றோய் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. இழவுக்கு உடுத்துவந்த சனம் சிரிப்பதைப் போல ஒரு காட்சி உலகத்தில் இல்லை.

மரியதாஸ் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஓர் இரங்கலுரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். வில்லியே லே பெல்லிலிருந்து வந்த பஸ்ஸில் இருந்து எழுதியது. அதை வீணாக்க அவருக்கு மனமில்லை. "ஆள் இருந்தால் என்ன, நான் வாசிக்கத்தான் போறன்" என்று முன்னுக்கு வந்தார். "அன்னாருடன் நான் பழகிய இனிய நாட்களை எண்ணும்போது" என்று தொடங்கி, ஒருநாளும் கண்டிராத மனிதரின் எளிமையையும் தமிழ்ப் பற்றையும் கண்ணீர் மல்க விவரித்தார். மெலனி மொழிபெயர்த்தாள். றோய் கடைசிவரை கேட்டுவிட்டு, "இவர் எங்கள் மாநிலத்தில் நின்றால் முதல் முறையே வெல்வார்" என்றார்.

அதற்குள் லின்டா பாட்டுக்குழுவின் கீபோர்ட்டுக்குப் போய்விட்டார். அவர்கள் பாடிய பாட்டின் மெட்டு அவர் தேவாலயத்திலும் உள்ளதுதானாம். வேகத்தைக் கூட்டி வாசித்தார். அடக்கப் பாட்டு கலியாணப் பாட்டுப்போல ஓடியது. றோல்சும் பற்றிசும் தட்டுத் தட்டாக வெளியே வந்தன. "செத்தவீட்டிலை ஆட்டிறைச்சி றோல்ஸ். அன்ரன் தாராளமாய்ச் செய்திருக்கிறான்" என்று ஒருவர் மூன்றாவதை எடுத்தபடி சொன்னது என் காதில் விழுந்தது. பிந்தி வந்தவர், விஷயம் தெரியாது.

போகும் நேரம் றோய் என்னையும் றெஜினாவையும் மெலனியையும் ஒன்றாக நிறுத்தினார். லின்டா பக்கத்தில் நின்றார்.

"எங்கள் ஊரில் மக்களைச் சந்திக்க என்று கோப்பிக்கு அழைத்தால் மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருவர் கோப்பிக்காக. இங்கே என்னை ஒருநாளும் காணாத சனம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, நல்ல உடுப்பு உடுத்து, எனக்காக அழ வந்திருக்கிறது. அங்கே நான் உண்மையில் செத்தாலும் இவ்வளவு பேர் வர மாட்டார்கள்."

"வர மாட்டார்கள்" என்றார் லின்டா, யோசிக்காமல்.

"அப்படியென்றால் கலியாணம் இங்கே."

லின்டா கொஞ்ச நேரம் கீபோர்ட்டைப் பார்த்தார். "நான்தான் வாசிப்பேன்" என்றார். றெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் உண்மையாக அழுதவள் அவள் ஒருத்திதான்.

கலியாணம் லா கூர்னெவ்வில் நடந்தது. றெஜினாவின் அண்ணன்மார் எல்லோரும் வந்தார்கள். அழைப்பிதழைத் தமிழில் எழுத மெலனி வேறு ஆள் பிடித்தாள். பேனை இருக்கும் அறைக்குள்ளேயே என்னை விடவில்லை. மரியதாஸ் மாஸ்டர் அதே இரங்கலுரையை வாழ்த்துரையாக வாசித்தார். இறந்தகாலத்தை நிகழ்காலமாக்கியதோடு சரி.

றோய் ஊருக்குப் போய்க் கொண்டுவந்த முதல் சட்டம், அந்தப் பாலத்துக்கு முன்னவரின் பெயரை வைப்பது. அவர் கொண்டுவந்ததில் ஒருவரும் எதிர்க்காத ஒரே சட்டம் அதுதானாம். கேதீஸ் அடித்த அறிவித்தல் இன்று கண்ணாடி போட்டு டயர்க் கடையில் தொங்குகிறது. கேட்பவர்களுக்கு, "என் மரண அறிவித்தல். திகதி மட்டும்தான் பாக்கி" என்கிறார். வருஷத்தில் அந்த ஞாயிறு வந்தால் எனக்குப் போன் எடுத்து, "அன்ரன், இன்று என் ஆண்டு நினைவு. என்ன சமையல்?" என்று கேட்கிறார். ஏதாவது குழுவில் புதுப் பதவி கிடைத்தால், "எழுத்தில் சேர்த்துக்கொள்" என்று தகவல் வருகிறது. சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அன்னார். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். "அன்னார் போன் எடுத்தவர்", "அன்னாருக்குக் காலில் வீக்கமாம்" என்று றெஜினாவே சொல்வாள். மெலனியின் மகளுக்கு இப்போது நாலு வயது. அவளுக்கு நான் அம்மப்பாவோ தாத்தாவோ என்பதில் இன்னும் குழப்பம், அமெரிக்கக் கிழவரில் குழப்பமே இல்லை. அவர் அன்னார்.

வீட்டில் தமிழ் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். மரண அறிவித்தல் தொடங்கினால் போதும், அவள் விளையாட்டுச் சாமானை எறிந்துவிட்டு ஓடிவந்து காதை வைத்துக் கேட்பாள். தினமும், எல்லா ஊர் அறிவித்தலிலும், தன் அன்னாரைப் பற்றிச் சொல்கிறார்களே என்று அவளுக்குப் பெருமை தாங்க முடிவதில்லை.